கேமரா பாட்டிக்கு ஊசிப் பாட்டி எழுதுவது

ஜூன் 3

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் உடம்பும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? இங்கே உங்கள் பிள்ளை, மருமகள், பேத்தி எல்லோரும் நலம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நம் பேத்தி வாலு பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் "ஹலோ" சொல்வதற்குள் நீங்கள் அவளுக்குக் கொக்கு மாதிரி கத்திக் காட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள். அப்புறம் நமக்குள் என்ன பேச்சு நடக்கும்? பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியதே கிடையாது என்று நேற்றுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற வருஷம், குடும்பத்தில் ஒவ்வொருவர் உடுப்பிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுப்போம். என் அம்மா எனக்குத் தைத்தாள். நான் என் பெண்ணுக்குத் தைத்தேன். அதைப் போர்த்திக்கொண்டால் வீட்டு ஆட்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வாலுவுக்கு ஆரம்பித்துவிட்டேன். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டு துண்டு வேண்டும். ஒன்று உங்களுடையது. மற்றது, தப்பாக நினைக்காதீர்கள், சம்பந்தி ஐயாவின் சட்டை ஏதாவது நீங்கள் எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து. உள்ளங்கை அகலம் போதும்.

நீங்கள் அனுப்பிய மீன்கொத்திப் படத்தை வாலு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். வெண்ணெய் எடுக்கப் போனால்கூட அது என்னை முறைக்கிறது.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி


ஜூன் 15

ஊசிப் பாட்டிக்குக் கேமரா பாட்டி எழுதுவது. நலம், நலம் அறிய ஆசை.

மதிப்புக்குரிய, சம்பந்தியம்மா, அவர்கள் என்று ஒரே வரியில் மூன்று நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். இறங்கவே பயமாக இருக்கிறது. வாலு வைத்த பெயர்களே நமக்குப் போதும்.

கடிதம் எழுதியது எவ்வளவு நல்ல காரியம் தெரியுமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க அடுத்தவர் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் போன் என்றாலே காது அரிக்கும். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் இந்தக் கேமராவை வாங்கினேன். சத்தம் போடாமல் நின்றால்தான் நடக்கும் வேலை. எனக்கு வேறென்ன வேண்டும்?

என் ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். விடிந்ததும் ஃபிளாஸ்கில் டீ, பொட்டலத்தில் ரொட்டி. தெருவைத் தாண்டினால் ஏரி. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் அவர், நான், உங்கள் மாப்பிள்ளை மூவரும் போவோம். ரொட்டியில் பாதி வாத்துக்கு, மீதி பிள்ளைக்கு. இப்போது எனக்கு எல்லா நாளும் ஞாயிறு. நேற்று ஒரு நாரை தண்ணீரில் நின்றுகொண்டே தூங்கியது. பக்கத்தில் தவளை ஒன்று, அது தூங்குகிறதா நடிக்கிறதா என்று தெரியாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூவரும் அப்படியே இருந்தோம். டீ ஆறிப்போனது.

என் பச்சைப் பூப்போட்ட உடுப்பிலிருந்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அந்த உடுப்பில் நான் தோட்டத்துப் புதர் மாதிரி இருப்பேன் என்பார் அவர். பறவைகளும் அப்படித்தான் நினைத்தன, கிட்டே வந்தன. நாரைப் படம் உங்களுக்கு, தவளைப் படம் வாலுவுக்கு.

அன்புடன்,
கேமரா பாட்டி


ஜூலை 2

கேமரா பாட்டிக்கு அன்பு வணக்கம். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் உடல்நலத்தைப் பற்றி எழுதுங்கள்.

பச்சைத் துணியை நடுவில் வைத்திருக்கிறேன். அதைச் சுற்றி மாப்பிள்ளையின் கோடு போட்ட சட்டை, என் பெண்ணின் ஊதா, வாலு தவழ்ந்த காலத்துக் கவுன். இன்னொரு துண்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவசரம் இல்லை. அந்தச் சதுரத்துக்கு இடம் விட்டுத் தைக்கிறேன். வராவிட்டாலும் போர்வை போர்வைதான்.

வாலு தவளை மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கேட்டால், "கேமரா பாட்டி படம் எடுக்குது, அசையாதே" என்கிறாள். ஊட்டுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.

ஹாலில் எல்லோரும் எழுந்து அவரவர் அறைக்குப் போன பிறகுதான் என் மெஷினைப் போட இடம் கிடைக்கிறது. அதனால் வேலை மெதுவாக ஓடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ஊசிப் பாட்டி


ஆகஸ்ட் 9

கேமரா பாட்டிக்கு, சௌக்கியம்தானே? போன கடிதம் கிடைத்ததா?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரரைத் தவறாக நினைத்துவிட்டேனோ என்று கீழே இறங்கிப் போய்ப் பெட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். மின்கட்டணச் சீட்டுத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் வாலுவோடு பேசினீர்கள். கொக்குச் சத்தம் கேட்டாள், போட்டீர்கள். ஆனால் அந்தக் கொக்கு படுத்துக்கொண்டு கத்துகிற மாதிரி எனக்குப் பட்டது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அம்மாவுக்கு என்ன அத்தை, ஏரியே கதின்னு இருப்பாங்க" என்று சிரித்தார்.

சட்டை விஷயம் கேட்டது மனசைப் புண்படுத்தியிருந்தால் மறந்துவிடுங்கள். இரண்டு வரி எழுதினால் போதும்.

ஊசிப் பாட்டி


ஆகஸ்ட் 18

அன்புள்ள ஊசிப் பாட்டிக்கு, நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். அங்கே நீங்கள் எல்லோரும் நலமா?

கோபமா? எனக்கா? உங்கள் மேலா? சட்டையைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தால் வேறு எதையோ எழுதிவிடுகிறேன், அவ்வளவுதான். கொஞ்சம் வேலை வந்துவிட்டது. அதனால்தான் தாமதம்.

இப்போது நான் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். ஏரிப் பறவைகளை எல்லோரும் எடுக்கிறார்கள். நம் கண் முன்னால், ஜன்னலுக்கு வெளியே நடக்கிறதை யார் எடுக்கிறார்கள்? ஒரு சிட்டுக்குருவி தன் நிழலோடு சண்டை போடுகிறது. ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய இறகு ஒன்றைக் கம்பி மேல் இழுத்துக்கொண்டு போகிறது. முக்கால்வாசி தூரம் வந்ததும் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. எறும்பு நின்று ஒரு நிமிஷம் யோசித்தது, பிறகு வெறுங்கையோடு போயிற்று. நான் கை தட்டினேன்.

வாலுவுக்கும் தனிக் கவரில் படங்கள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கே. பா.


செப்டம்பர் 4

கேமரா பாட்டிக்கு,

எங்கே விழுந்தீர்கள்?

சௌக்கியம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். வாலுவுக்கு வந்த கவர்களையும் எனக்கு வந்ததையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குருவி, எறும்பு, மழைத்துளி, பக்கத்துக் கூரைப் பூனை, மேகம். எல்லாம் அழகு. எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் அதே திரைச்சீலை தெரிகிறது. நீலத் துணி, ஓரத்தை யாரோ வெள்ளை நூலால் நீளத் தையல் போட்டு மடித்திருக்கிறார்கள். மற்றவர்கள் பறவையைப் பார்ப்பார்கள். எனக்கு ஓரத் தையல்தான் முதலில் கண்ணில் படும். பூனைப் படத்தில் திரைக்குக் கீழே ரப்பர் குமிழ் போட்ட ஒரு கால் தெரிகிறது. நாற்காலிக் கால் இல்லை அது. அந்த மாதிரி ரப்பர் கால் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் அம்மா கடைசி வருஷங்களில் வீட்டுக்குள் நடந்தாள்.

நீங்கள் ஒரே ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு மாதமாக.

பதில் எழுத வேண்டாம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் தனியாகப் பஸ் ஏறியது எப்போது என்று எனக்கே நினைவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எந்தத் தோழி என்று யாரும் கேட்கவில்லை.

ஊசிப் பாட்டி


செப்டம்பர் 17

என் அன்புத் தோழிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இடுப்பு வலி தேவலையா? உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த எலக்ட்ரீஷியன், "அந்தம்மா கண்டக்டரையே அதட்டி ஜன்னல் சீட்டு வாங்கிட்டாங்க" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்கள் போன பிறகு வீடு சப்பென்று இருக்கிறது. நீங்கள் வந்த அன்றைக்குக் கதவைத் திறந்ததும் எடுத்த எடுப்பில் சொன்னது என்ன தெரியுமா? "என்ன தையல் இது, அசிங்கமா? அவிழ்த்துக் குடுங்க" என்று திரைச்சீலையைப் பிடித்தீர்கள். அப்புறம்தான் என் மாவுக்கட்டுக் காலைப் பார்த்தீர்கள். பார்த்ததும் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, கட்டின் மேல் ஓரம் தோலை அறுக்காமல் இருக்க ஒரு மெத்துத் துணி வைத்துத் தைத்தீர்கள். இத்தனை நாளில் டாக்டருக்குக்கூடத் தோன்றாத காரியம்.

ஏரிக்கரையின் அந்தப் பாசிப் படியில் மீன்கொத்திக்காக இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மூன்றாவது அடிக்குப் படி இல்லை. இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டீர்கள். பொத்தாதீர்கள், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, வலி வருவதற்கு முன்னால்.

சட்டை விஷயத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கு ஆணியில் தொங்கியதைப் பார்த்தே புரிந்துவிட்டது. ஏரிக்குப் போகும்போது அவர் சட்டையைத்தான் மேலே போட்டுக்கொள்வேன். லென்ஸ் மூடிக்கு ஒரு பை, பேட்டரிக்கு ஒரு பை, ரொட்டிக்கு ஒரு பை. அதை எப்படி வெட்டுவேன்? நீங்கள் உள்பக்கத்தைத் திருப்பி, அகலமான கீழ் மடிப்பைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியிலிருந்து ஒரு துண்டு எடுத்துவிட்டு, மறுபடி மடித்துத் தைத்துக் கொடுத்தீர்கள். போட்டுப் பார்த்தேன். அரை விரல் குட்டை. அவரே கண்டுபிடித்திருக்க மாட்டார். மடிப்புக்குள் வெயிலே படாத அந்தத் துணி எவ்வளவு நீலமாக இருந்தது! அந்தச் சட்டை ஒரு காலத்தில் அந்த நிறம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்துவிட்டேன். "நீங்களா சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனா மாப்பிள்ளை எங்கிட்ட கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றீர்கள் அல்லவா? நேற்றுப் பையனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினான். பிறகு யார் சமைத்தார்கள், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எனக்குக் கத்தலே தேவலை என்றிருந்தது. கடைசியில், "சனிக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றேன். மூட்டை கட்டி வைங்க" என்று வைத்துவிட்டான். இதற்குப் பயந்துதான் இத்தனை நாள் மறைத்தேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். இங்கே இருந்த மூன்று நாளும் மத்தியானம் தூங்கினீர்கள். ஒவ்வொரு தடவையும் "ஐயையோ, தூங்கிட்டேனே" என்று திருட்டுப் பண்ணிய மாதிரி எழுந்தீர்கள். உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். "எல்லோரும் நலம்" என்று எழுதுகிறீர்கள். அந்த எல்லோரில் நீங்கள் இருக்கிறீர்களா?

கேமரா பாட்டி


செப்டம்பர் 24

அன்புள்ள தோழிக்கு, கட்டுப் பிரித்தார்களா? வீக்கம் குறைந்ததா? நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வியைப் பிறகு பார்க்கலாம்.

வேன் ஏன் வரவில்லை என்று மாப்பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன். இனிமே அங்க தனியா விட முடியாது."

என் பெண், "வரட்டும், ஆனா எங்க தங்க வைக்கிறது?" என்றாள்.

"ஹால்ல இன்னொரு கட்டில் போட்டுக்கலாம். அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளையிடம் நான் வழக்கமாகப் பேசுவது "சாப்பிட வாங்க", "குடை எடுத்துட்டுப் போங்க" இரண்டும்தான். என்ன வந்ததோ தெரியவில்லை. "மாப்பிள்ளை, கட்டிலை எந்த ஜன்னல் பக்கம் போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஹால் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்துச் சுவர். படுக்கையறை ஜன்னலை ஏ.சி. பெட்டி அடைத்திருக்கிறது. சமையலறை ஜன்னலில் தண்ணீர்க் குழாய். வாலு நடுவில் புகுந்து, "கேமரா பாட்டி சுவத்தைப் படம் எடுக்கும்!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசிவிட்டேனே என்று என் பெண் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் ஜன்னல் அருகே போய் அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி மெதுவாக, "இத்தனை வருஷமா நீங்க எதைப் பாத்துட்டு இருக்கீங்க அத்தை?" என்றார்.

"நான் தைக்கிறவ. எனக்குக் கையில இருக்கிற துணியைப் பாத்தா போதும்" என்றேன். அது முழு உண்மையா என்று நீங்கள் கேட்கக்கூடாது.

என் பெண் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் வரவில்லை.

ஊசிப் பாட்டி


அக்டோபர் 8

என் ஊசிக்கு, நலம். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் சுரைக்காய் மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது, ஆனால் என் கால்தான்.

பையன் வந்தான். வேன் இல்லை. கையில் எனக்கு ஒரு கைத்தடி, பைக்குள் அவனுக்கு இரண்டு மாற்று உடுப்பு. வந்த கையோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டு வாசல் படிக்கும் குளியலறைக்கும் கைப்பிடிக் குழாய் அடித்தான். சுத்தியல் பிடிக்கத் தெரியாமல் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். மறுநாள் காலை எலக்ட்ரீஷியனின் வண்டியில் என்னை ஏற்றி ஏரிக்குக் கூட்டிப் போனான். கரையில் உட்கார்ந்து கொசு, கொசு என்று அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு பறவையும் பக்கத்தில் வரவில்லை. அவன் வந்ததே போதும் என்றிருந்தேன்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்றான்.

"சொன்னா நீ வந்துடுவே. வந்தா கூட்டிட்டுப் போயிடுவே."

"கூட்டிட்டுப் போகத்தான் நினைச்சேன்." கன்னத்தில் இன்னொரு கொசுவை அடித்தான். "இங்க உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

அப்போதுதான் நான் கேட்டேன். "உன் மாமியாரைக் கேளு. எனக்காகன்னு கேக்காதே. அவங்க இங்க வந்து மத்தியானம் தூங்கட்டும். மெஷின் போட ஜன்னலோரமா இடம் இருக்கு. பாதி வருஷம் இங்க, பாதி வருஷம் அங்க. உங்களுக்கு முடியுமான்னு நீங்க ரெண்டு பேரும் யோசிங்க."

அவன் சிரித்தான். "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்தா நாங்க என்ன பண்றது?"

நான் உங்களிடம் கேட்காமலே அவனிடம் கேட்டுவிட்டேன். அது தப்புத்தான். இப்போது உங்களிடம் கேட்கிறேன். வருகிறீர்களா? பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், நான் நாரையைப் பற்றி எழுதிக்கொண்டு காலம் தள்ளுவேன்.

கேமரா பாட்டி


அக்டோபர் 30

அன்புள்ள தோழிக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறீர்களா? எலக்ட்ரீஷியனைக் கேட்டால் தெரிந்துவிடும், பொய் எழுதாதீர்கள்.

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எனக்கே பதில் தெரியாமல் இருந்ததுதான். வாலு இல்லாமல் எப்படி இருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள் உங்கள் ஜன்னலோரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் காதில் கேட்கும். அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இடம் மாற ஆசைப்படுவது ஏதோ பெரிய பேராசை மாதிரி.

வாலு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். போர்வையும் முடிந்தது. சம்பந்தி ஐயாவின் நீலம் பச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் ராத்திரி போர்த்திக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகத் தொட்டு, "இது யாரு, இது யாரு" என்று கேட்டாள். எல்லோரையும் சொன்னேன். கடைசியில், "உன்னுது எங்க பாட்டி?" என்றாள்.

நான் என்னுடையதை வைக்கவே இல்லை. நிஜமாகவே தோன்றவில்லை. உங்களிடம் கேட்டேன், எல்லோரிடமும் கேட்டேன், என் பெட்டியைத் திறக்கவில்லை. என் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் போய், நான் கொடியில் போட்டிருந்த என் புடவை ஒன்றையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வைம்மா. ஓரத்துல இல்ல, நடுவுல" என்றாள். பிரித்து வைத்துத் தைத்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். தைத்துக்கொண்டே உங்கள் ஊருக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று சொன்னேன். "தெரியும்மா. போன மாசத்துலயிருந்து தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அவள் வேலை நேரத்தைக் காலையிலேயே தொடங்கி முன்னதாக முடிக்கும்படி மாற்றிக் கேட்டிருக்கிறாள். வாலுவைப் பள்ளியில் விடுவது மாப்பிள்ளை பொறுப்பு. நேற்று ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டுக் கூட்டிப் போனார். அவளும் சொல்லாமல் சாயங்காலம் வரை அப்படியே நடந்திருக்கிறாள். பழகிக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை எனக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். திரும்பி வருவதற்கு எப்போது என்று கேட்டேன். "அதை நீங்க சொல்லுங்க அத்தை. நீங்க சொல்றப்ப எடுக்கலாம்" என்றார்.

புதன்கிழமை வருகிறேன். இங்கே எல்லோரும் நலம். நானும் நலம்.

உங்கள்
ஊசிப் பாட்டி


நவம்பர் 3

என் அன்புத் தோழிக்கு,

இது உங்கள் கைக்குக் கிடைக்குமோ, அதற்குள் நீங்களே கிளம்பிவிடுவீர்களோ தெரியவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜன்னலோர மேசையைக் காலி செய்துவிட்டேன். மெஷினுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் மனைவி சொன்னாள், அதனால் மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அவள் சொன்னது தப்பென்றால் வந்து திட்டுங்கள். மத்தியானத்துக்கு ஒரு தலையணை தனியாக வாங்கியிருக்கிறேன்.

பஸ் நிலையம் வரை என் கால் இன்னும் வராது. எலக்ட்ரீஷியன் வண்டி கொண்டு வருவான். ஆனால் தெருமுனை வரை நடக்கிறேன். நேற்று மருந்துக் கடை வரை போய்ப் பார்த்தேன், முடிந்தது. அங்கிருந்து முனைக்கு இன்னும் அதில் பாதி தூரம்தான். புதன்கிழமை காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போடச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதில் உட்காருவதாக இல்லை. உங்கள் வண்டி முனையில் திரும்பும்போது நான் நிற்பதைப் பார்க்கவேண்டும் நீங்கள்.

கேமரா பாட்டி